லாரி திரும்பவில்லை, வீடுகள் திரும்பின

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் வெள்ளைப்பாறைப் பிரிவு என்று ஓர் ஊர் உண்டு; வரைபடத்தில் தேடிக் கண் வலித்துப்போனால் அதற்கு நான் பொறுப்பில்லை, உண்டு என்றால் உண்டு, அங்கே பைபாஸ் ரோட்டைப் பார்த்தபடி பதினாலு கட்டடங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன, பதினாலுக்கும் முகம் மேற்கே, முதுகு கிழக்கே, அந்த முதுகுகளுக்குப் பின்னால் ஒரு மண்தடம், மண்தடத்துக்கு அந்தப் பக்கம் நாலு இரும்புத் தூணும் மேலே தகரமுமாக, சுவர் என்று ஒன்று இல்லாத ஒரு பட்டறை. லாரிகளுக்குப் பவர் ஸ்டியரிங் பம்பு வேலை பார்க்கிற அர்த்தநாரியின் பட்டறை அதுதான்.

அர்த்தநாரிக்கு நாற்பத்திரண்டு வயது. அந்தப் பக்கத்தில் அந்த வயதில் கல்யாணமாகாத ஆண்களை எண்ணினால் ஒரு பஸ் போதாது, அதனால் அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பத்தொன்பது இடத்தில் பெண் பார்த்துப் பத்தொன்பது இடத்திலும் காப்பி குடித்துவிட்டு வந்தவன் அவன். போன இடத்திலெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் அவன் நகக்கண்ணில் இருந்த கரி ஆயிலைத்தான் பார்த்தார்களே ஒழிய, அந்த விரல்கள் தொட்ட பம்பு பத்து வருஷம் ஊளையிடாது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. இருபதாவது இடத்துக்குத் தரகர் வந்தபோது வேண்டாம் என்றுவிட்டான். காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் அவனுக்கு எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு பின்சுவராக நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் துளசிமணி லாரி சீட்டுக்குக் குஷன் தைத்தாள். கட்டியவனோடு வாழ முடியாது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் தையல் மெஷினோடு வந்து இறங்கியவள், அப்பன் எழுதிக் கொடுத்த அந்தக் கட்டடத்தில் முன்வாசலிலிருந்து பின்சுவர்வரை நீண்ட அறையைக் கடையாக்கி, பக்கத்து அறையை வீடாக்கி, பைபாஸில் போகிற லாரிக்காரர்களை நம்பி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆறு வருஷமும் அர்த்தநாரி அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான். காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் அவனும் ஸ்பேனரை எடுப்பான், அது நின்றால் அவனுக்கும் டீ குடிக்கத் தோன்றும், ரெக்சினைத் தைக்கும்போது வருகிற கனத்த சத்தத்துக்கும் துணி தைக்கும்போது வருகிற லேசான சத்தத்துக்கும் வித்தியாசம் அவன் காதுக்கு நன்றாகத் தெரியும். நேரில் பேசியது மொத்தம் ஏழு முறை. அந்த வரிசையில் இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் அவன் 'அர்த்தநாரியண்ணன்'. அறுபது வயது பாவாயிகூடக் கோபம் வந்தால் அண்ணா என்றுதான் ஆரம்பிப்பாள். துளசிமணி மட்டும் ஏழு முறையும் 'ஏனுங்க' என்றாளே தவிர அண்ணா என்று சொல்லவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டிவிட்டான் மனிதன்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை பொங்கியண்ணனின் பன்னிரண்டு சக்கர லாரி வந்தது. பொங்கியண்ணன் உட்கார்ந்து ஓட்டி வரவில்லை, நின்றுகொண்டு ஓட்டி வந்தார். ஸ்டியரிங் அவ்வளவு இறுகிப்போயிருந்தது, ஒரு வளைவு வந்தால் எழுந்து இரண்டு காலையும் ஊன்றி மொத்த உடம்பையும் கொடுத்துத் திருப்பியாக வேண்டும், போதாததற்குப் பம்பு போட்ட ஊளையில் வழியில் இருந்த நாய்கள் எல்லாம் பதில் கொடுத்திருந்தன. சீட்டும் கிழிந்திருந்ததால் அதைக் கழற்றித் துளசிமணி கடையில் போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டே பட்டறைக்குள் வந்தார்.

"மாத்துப் பம்பு ரெடியா இருக்குதுங்ண்ணா," என்றான் அர்த்தநாரி. பழுதான பம்பைக் கழற்றிக்கொண்டு, ஏற்கனவே சரி பண்ணி வைத்த வேறொரு பம்பை மாட்டி அனுப்புவதுதான் எல்லாப் பட்டறையிலும் வழக்கம். "ஒரு மணி நேரத்துல போட்டுத் தந்தர்றேன், நீங்க கெளம்பலாம்."

"வேண்டாம்ப்பா. வேற வண்டியில ஓடுன பம்பு வேற வண்டிப் புத்தியத்தான் காட்டும். என்ற பம்பையே பிரிச்சு, என்ற பம்பையே செஞ்சு குடு. எனக்கு வெள்ளிக்கெழமதான் லோடு."

சரியென்று ஆயில் டப்பாவைக் காலி செய்து, ஓஸ்களைக் கழற்றி, பம்பை இறக்கி, டீசலில் கழுவிப் பலகைமேல் பிரித்துப் பரப்பினான். சீல் கருகியிருந்தது, பேரிங்கில் ஆட்டம் இருந்தது. புது சீல், புது பேரிங், தேய்ந்த தகடுகளுக்குப் பதில் புதிதாகப் பத்துத் தகடுகள். அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கும்போது அர்த்தநாரிக்குப் பம்போடு பேசுகிற பழக்கம் உண்டு. எட்ஜ் வெளியே பார்க்கணும் சாமி, உள்ளே போ சாமி, அவசரப்படாதே சாமி என்று பால் குடிக்க மறுக்கிற குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவான். பத்தாவது தகட்டையும் இறக்கிவிட்டு, அதைச் சுற்றிப் போடுகிற இரும்பு வளையத்தைக் கையில் எடுத்தான். அந்த வளையத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், இஞ்சின் சுற்றுகிற பக்கம் பார்த்து அதைப் போட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய வேலை.

அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது, துளசிமணி சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை. எதற்குச் சிரித்தாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று மனசு சுவரேறிப் போக, கை மட்டும் இங்கே இருந்து வளையத்தைத் தலைகீழாகப் போட்டு மூடிவிட்டது.

பம்பை மாட்டி, புது ஆயில் ஊற்றி, முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஜாக்கியில் தூக்கி நிறுத்தினான். பம்பு மாட்டினால் உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றியாக வேண்டும், அதற்கு இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பலமுறை திருப்ப வேண்டும். பொங்கியண்ணன் ஏறி ஸ்டியரிங்கை இடது பக்கம் கடைசிவரை திருப்பினார். விரல் ஒன்றே போதுமாயிருந்தது. முன்சக்கரம் அசையவில்லை, எதிரே இருந்த பதினாலு கட்டடங்களும், தாங்கள் நின்ற இடத்தைவிட்டு நகராமல், தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல அரைவட்டம் திரும்பி, முதுகு இருந்த பக்கத்தில் முகத்தைக் காட்டின. நடுவில் முக்கால் முழச் சந்துதானே, மூலை இடிக்காதா என்று கேட்பீர்கள். இடிக்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"ஆயில்ல இன்னும் நொரை வருதுங்ண்ணா, அந்தப் பக்கம் திருப்புங்க," என்றான் அர்த்தநாரி, டப்பாவுக்குள் பார்த்தபடியே.

பொங்கியண்ணன் திருப்பினார். வீடுகள் திரும்பிப் போயின. இப்படி எட்டு முறை போய் எட்டு முறை வந்தன. அதற்குள் பாவாயி வீட்டுத் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு, அவள் ஆயுளில் முதல்முறையாகச் சரியான வட்டமாக வந்திருந்தது. கரண்டியோடு வாசலுக்கு வந்தவள், வாசல் மண்தடத்தில் இருப்பதைக் கண்டாள்.

"ஏனுங்ண்ணா, திருப்பறதுன்னா ஒரு வார்த்த சொல்லிட்டுத் திருப்பக் கூடாதா? அடுப்புல கல்லுக் கெடக்குது!" என்று சத்தம் போட்டுவிட்டு, தோசையைப் போட்டெடுக்க உள்ளே போனாள்.

ஜாக்கியை இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். லாரி நேராகத்தான் போனது. இடது திருப்பினால் ஊர் திரும்பியது, வலது திருப்பினால் ஊர் திரும்பியது, லாரி மட்டும் பிடிவாதமாக நேரே போய் வேலிக்கு முன்னால் நின்றது. அப்படியே பின்னால் எடுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பம்பின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டதுமே அர்த்தநாரிக்குத் தன் தவறு புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை நேராக்கி வைத்துவிட்டுக் கழற்றி, வளையத்தை மாற்றிப் போட்டால் இரண்டு மணி நேர வேலை. ஆனால் அதற்குள் வரிசைக்காரர்கள் எல்லோரும் லாரியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை, கோரிக்கை இருந்தது. மேற்கே பார்த்த வீட்டில் இருபது வருஷமாக மத்தியான வெயிலும் லாரிப் புழுதியும் தின்றவர்கள் அவர்கள். கிழக்கே திரும்பினால் காலை வெயில், வேப்பங்காற்று, அமைதி. மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்களிடம் கிழக்கு வாசல் வீடு என்றும் சொல்லிக்கொள்ளலாம். மின்சார ஒயர் முறுக்கிக்கொண்டதைப் பார்க்க வந்த லைன்மேன் அண்ணாந்து பார்த்துவிட்டு, வீடு திரும்பியதற்குத் தன்னிடம் ஃபாரம் இல்லை, கம்பம் சாய்ந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி முறுக்கை எடுத்துவிட்டுப் போனார். உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் மேற்கு வாசல்தான் காரணம் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிப் பிழைத்த வாஸ்து சென்னிமலைக்கு அன்று ஒரு நாள்தான் முகம் தொங்கியது. மறுநாளே, வாசல் சரி, இப்போது அடுப்படி தப்பான மூலைக்குப் போய்விட்டது என்று வீடு வீடாக ஏற ஆரம்பித்தார். வரிசைக் கடைசியில் இருந்த பிள்ளையார் மட்டும் திரும்பவில்லை. அவர் முதலிலிருந்தே கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார், கூட்டம் தன் பக்கம் வந்து சேர்ந்ததில் அவருக்குத் திருப்திதான் என்று பேசிக்கொண்டார்கள்.

கை தூக்கச் சொல்லிக் கேட்டார்கள். எல்லாக் கையும் இடது கடைசிக்கே விழுந்தது. பாவாயி தார்ப்பாய் கட்டுகிற கயிற்றை எடுத்து ஸ்டியரிங்கை இடது கடைசியில் வைத்து இறுக்கிக் கட்டி, "வெள்ளிக்கெழம வரைக்கும் இதத் தொட்டவங்க கைய ஒடிச்சுப் போடுவேன்," என்றாள். துளசிமணி கை தூக்கினாளா என்று அர்த்தநாரி பார்க்கவில்லை. அவன் அவள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் இருந்த இடத்தில் இப்போது நீலப் பலகை, பாதி தூக்கிய ஷட்டர், தொங்குகிற சிவப்பு ரெக்சின், அதற்கு நடுவே தையல் மெஷின், மெஷினுக்குப் பின்னால் அவள். பத்தடி தூரம். அவனுக்குத் தலை சுற்றியது என்று சொன்னால் அது வெறும் மரியாதைக்குச் சொல்வது, அவனுக்குள் பதினாலு வீடும் சேர்ந்து சுற்றியது.

அன்று மத்தியானமே பொங்கியண்ணனின் சீட்டைத் தைத்து முடித்தாள். அதற்குப் பிறகு ஞாயிறு போனது, திங்கள் போனது. அவன் தலை தூக்கினால் அவள் குனிந்தாள், அவள் தலை தூக்கினால் அவன் பம்புக்குள் முகத்தைப் புதைத்தான், இரண்டு பேருக்கும் நடுவில் மண்தடம்தான் நன்றாகப் பார்க்கப்பட்டது. ஆனாலும் அவனுக்குச் சந்தோஷம். அவள் எந்தக் கையால் டம்ளர் பிடிக்கிறாள், யோசிக்கும்போது நூலை எப்படிப் பல்லில் கடிக்கிறாள் என்பதெல்லாம் இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை டீ குடிக்கத் தோன்றவே இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே மத்தியானம்வரை இருந்தான். அப்புறம்தான் உறைத்தது: மெஷின் சத்தம் இல்லை. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே இல்லை. பைபாஸிலிருந்து பார்த்தால் அவள் கடை இருந்த இடத்தில் ஒரு மொட்டைச் சுவர்; கிழிந்த சீட்டோடு வந்த லாரிக்காரர்கள் கடையைக் காலி பண்ணிவிட்டார்கள் போல என்று வேகத்தைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பம்பு வேலைக்கு வருகிற லாரிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வரும்; ஒரு சீட்டுக்காக அவ்வளவு சுற்ற யாருக்கும் மனசில்லை. பதிமூன்று வீட்டுக்கு நல்லதாகப் போனது ஒரு கடைக்கு மட்டும் இடியாகப் போயிருந்தது. அவளோ ஓட்டாத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கிடைத்தது, சத்தம் போய்விட்டது. அந்த முகத்தை இனிப் பார்க்கவும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் மண்தடத்தைத் தாண்டி முதல்முறையாகப் பட்டறைக்கு வந்தாள். அர்த்தநாரி எழுந்து நின்றான், ஸ்பேனர் காலில் விழுந்தது, வலித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, கடப்பாறை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ரெண்டு நாள் வேணுமுங்க."

எடுத்துக் கொடுத்தான். அவள் போனபிறகுதான் எதற்கு என்று கேட்காதது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததும் பதிலும் தானாக வந்தது. கடை முன்னால் பந்தல் போட்ட இரண்டு தூண்களைப் பிடுங்கத்தான். காலி பண்ணிக்கொண்டு வேறு ஊர் போகப்போகிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆறு நாளாக அங்கேயே படுத்து, அங்கேயே சாப்பிட்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அர்த்தநாரியைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோய், "தம்பி, நாஞ் சொல்றதக் கேளு," என்றார். "ஸ்டியரிங்க இப்படியே கட்டுனமேனிக்கே உட்டுப்போட்டு இந்தப் பம்பக் கழட்டு. திரும்புன வீடு திரும்புனபடியே நின்னுக்கும். உன்ற மாத்துப் பம்பையே எனக்குப் போடு, நாம் போறேன். வேற வண்டிப் புத்தி வந்தா வந்துட்டுப் போகுது. எனக்கென்ன, வயசான காலத்துல. நீ பாத்துட்டே இருக்கலாமல்ல."

அர்த்தநாரி பலகைக்கு அடியில் இருந்த மாத்துப் பம்பைப் பார்த்தான். துடைத்து, சாக்கில் சுற்றி, தயாராக இருந்தது. ஒரு மணி நேர வேலை, ஆயுசு முழுக்க அந்த முகம். எதிரே பார்த்தான். ஷட்டர் சாத்தியிருந்தது, மெஷின் சத்தம் இல்லை.

"என்ற கையில ஆன தப்புங்ண்ணா," என்றான். "செஞ்சே குடுத்தர்றேன்."

லாரியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். பாவாயி கரண்டியோடு ஓடிவந்தாள். "அண்ணா! கைய எடுங்க! பொண்ணப் பாக்க ஞாயித்துக்கெழம வர்றாங்க, கெழக்கு வாசல்னு சொல்லிப்போட்டேன்!" என்று முன்னால் நின்று கத்தினாள். "அந்தம்மா கடைக்கு ஆறு நாளா ஒரு வண்டி வல்லீங்க, பாவாயக்கா," என்றான் அர்த்தநாரி. அவ்வளவு நீளமாக அவன் துளசிமணியைப் பற்றிப் பேசி அந்த வரிசையில் யாரும் கேட்டதில்லை. பாவாயி சாத்திய ஷட்டரைத் திரும்பிப் பார்த்தாள், வாய்க்குள் எதையோ சொன்னாள், கரண்டியை இறக்கிவிட்டு ஓரமாக நகர்ந்தாள்.

அவன் ஸ்டியரிங்கை நேராக்கினான். அவசரமில்லாமல், விரல் விரலாக. நீலப் பலகை ஓரமாகப் போனது, ஷட்டர் போனது, பக்கச் சுவர் வந்தது, பிறகு சுண்ணாம்பு உதிர்ந்த அந்தப் பழைய பின்சுவர் வந்து அவனுக்கு எதிரே நின்றது. வெளியே வந்து நின்று அதைப் பார்த்தான். கண் கலங்கியது, ஆயில் கையால் துடைத்ததில் இன்னும் எரிந்தது.

பம்பை இறக்கிப் பிரித்துப் பலகைமேல் பரப்பினான். பாதி வேலையில் பைபாஸ் பக்கம் ஒரு லாரி பிரேக் பிடித்து நிற்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. கனத்த சத்தம், ரெக்சின். நல்லது சாமி, உள்ளே போ சாமி, எட்ஜ் வெளியே பார்க்கணும் சாமி என்று தகடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பத்தாவது தகட்டையும் இறக்கிவிட்டு வளையத்தைக் கையில் எடுத்தபோது மெஷின் நின்றது. அதற்குப் பதில் வேறொரு சத்தம் வந்தது. இரும்பு செங்கல்லில் மோதுகிற சத்தம்.

சுவரில் ஒரு தட்டு சுண்ணாம்பு உதிர்ந்தது. இன்னொரு இடி. ஒரு செங்கல் ஆடியது, ஆடி, மண்தடத்தில் விழுந்தது, அது விழுந்த துவாரத்தில் அவனுடைய கடப்பாறையின் முனை தெரிந்தது.

அர்த்தநாரி எழவில்லை. வளையத்தின் அம்புக்குறியை ஒருமுறைக்கு மூன்று முறை பார்த்து, சரியான பக்கம் வைத்து அழுத்திவிட்டு, அப்புறம்தான் எழுந்து ஓடினான்.

துவாரத்தில் செங்கல் தூசியோடு அவள் முகம் இருந்தது. "அந்தக் கல்லச் சித்த ஓரமா எடுத்துப் போடுங்க. இன்னும் நெறைய உழுகும்," என்றாள்.

"எதுக்குங்க இடிக்கறீங்க?"

"கதவு வெக்கறதுக்குத்தானுங்க. கடப்பாற வாங்கறப்ப இந்தச் செவுரு ரோட்டப் பாத்துட்டு இருந்துது, வண்டிக்காரங்க வர்றதுக்கு ஒரு கதவு போடலாம்னு நெனச்சேன். இப்ப இது உங்களப் பாக்குது. இடிக்கறதுன்னு நெனச்சது நெனச்சதுதான, கதவு இருந்துட்டுப் போகட்டும்."

விழுந்த செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். அவள் அடுத்ததைப் பெயர்த்துத் துவாரத்தின் வழியே நீட்டினாள், அவன் வாங்கினான், அதற்கடுத்ததையும் வாங்கினான். பின்னால் பொங்கியண்ணன் சத்தம் காட்டாமல் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பாவாயி தன் வீட்டுப் பின்சுவரை மேலும் கீழும் பார்த்து, அந்தக் கடப்பாறை எப்போது காலியாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு என்னால தப்பாப் போச்சுங்க," என்றாள் துளசிமணி திடீரென்று, செங்கல்லைப் பார்த்துக்கொண்டே. "நீங்க பம்புகூடப் பேசுனதப் பாத்துத்தான் நாஞ் சிரிச்சுப்போட்டேன்."

"பாத்தீங்களா? செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து எப்படிங்க பாத்தீங்க?"

"இதுல ஒரு ஆணி ஓட்ட இருக்குதுங்க. வந்த நாள்ல இருந்து இருக்குது. இந்த ஆறு நாளா அதுல வெறும் லாரிதான் தெரிஞ்சுது."

அர்த்தநாரி கையில் செங்கல்லோடு அப்படியே நின்றான். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"எந்த ஒசரத்துலங்க இருக்குது?"

அவள் கடப்பாறையைக் கீழே வைத்தாள்.

"உக்காந்து தெக்கற ஒசரத்துலதானுங்க."